கிராணி வீட்டை மியூசியமாக்கும்போது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) குடியிருந்த பழைய வீடு ஊர்க்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் அகலமான அஞ்சடி (வராந்தா). அதை உள்ளூர் வரலாற்று மியூசியமாக ஆக்க ஆசைப்படுகிறார்கள். நாலைந்து பால்வெட்டும் உளி, ஒரு சாக்கு மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்), பால் வாளிகள், வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, பித்தளைக் குடம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இன்னும் எதைத் தேடுவது, எதை எப்படி வைப்பது என்பது அவர் கேள்வி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாமான் சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். உளியும் மங்கும் வாளியும் உங்களிடம் இருப்பதே போதும். அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று தேடுவதுதான் அவசரமான வேலை. மங்கு இன்னும் ஐம்பது வருஷம் கழித்தும் எங்காவது கிடைக்கும். அதில் பால் எடுத்தவரின் பேரும், அவர் எந்த டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) எத்தனை மரத்தில் பால் வெட்டினார் என்பதும் அவரோடு போய்விடும்.

நான் பார்த்த தோட்ட நினைவு அறைகள் பலவற்றில் குறை இதுதான். மேசைமேல் உளி, பக்கத்தில் 'பால்வெட்டும் உளி' என்று ஒரு அட்டை. தோட்டத்தில் பிறந்தவருக்கு அந்த அட்டை தேவையில்லை. கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் விளங்காது. அதே அட்டையில், 'இதைப் பிடித்தவர் இன்னார். இன்ன தோட்டம், இன்ன டிவிஷன். பதினாலு வயதில் அம்மாவோடு நிரைக்கு (பால்வெட்டும் மர வரிசைக்கு) போனவர், ஓய்வு பெறும்வரை இதே வேலை. உளியைக் கொடுத்தவர் அவர் மகள்' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் நிற்பார். பேர் போட அந்தக் குடும்பத்தின் சம்மதத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த உளியையே இன்னும் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். முனை மடங்கியிருக்கும். நாள்தோறும் தீட்டித் தீட்டி, பழைய உளியின் அலகு புதியதைவிடக் குட்டையாகியிருக்கும். பிடி கருத்து, கை பட்ட இடம் வழவழவென்று இருக்கும். அதைக் கண்ணாடிப் பெட்டியில் தனியாகப் படுக்கவைக்காதீர்கள். வெட்டுப்பட்ட ரப்பர் மரத்துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, பட்டையில் இருக்கும் கோட்டோடு சேர்த்து வையுங்கள். கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவதைப் பார்க்கிறவர்கள் கவனிக்கவேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக நிற்பதில்லை, சற்றுச் சாய்ந்து சுற்றிக்கொண்டு போகின்றன. இந்தப் பக்கம் சாய்த்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். ஒவ்வொரு முறையும் சீவுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆழம் கூடி உள்மரத்தில் காயம் பட்டால் பட்டை சரியாக வளராது, வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து ஏசுவார். விடியுமுன் வெட்டப் போனதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில், மில்லிமீட்டர் கணக்கில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய கை அது. இவர்களைக் 'கூலிகள்' என்று எழுதி வைத்த காலம் ஒன்று இருந்தது. இது தேர்ந்த கைத்தொழில் என்று உங்கள் மியூசியம் உரக்கச் சொல்லவேண்டும்.

அப்புறம், வீடு. பலரும் மறப்பது இதைத்தான். உங்களிடம் இருக்கும் பெரிய காட்சிப்பொருள் அந்தக் கிராணி வீடே. தோட்டத்தில் வீடு எங்கே இருக்கிறது என்பதைவைத்தே ஆளின் இடம் தெரியும். மேட்டில் துரை பங்களா. நடுவில் கிராணிமார் வீடுகள். கீழே லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கிராணிகளில் பெரும்பாலோர் இங்கிலீஷ் படித்த மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். லயத்துக்காரர் அந்த அஞ்சடியில் ஏறி உட்கார்ந்திருப்பாரா, கீழே மண்ணில் நின்று பேசியிருப்பாரா? இதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே அஞ்சடிப் படியருகே எழுதி வையுங்கள். நல்ல கிராணிகளும் இருந்தார்கள். மனு எழுதிக் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்லி வற்புறுத்தியவர்கள். அவர்கள் கதையும் வரட்டும்.

ஒரு வேண்டுகோள். கிராணி வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை லயம் மாதிரி ஜோடிக்காதீர்கள். பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்தான் வரும். வாசலில் அல்லது பின்கட்டில், லயத்து வீடு ஒன்றின் அளவைத் தரையில் வெள்ளைக் கோடாகப் போட்டுவிடுங்கள். அடுப்பு எங்கே, அம்மி எங்கே, படுத்த இடம் எங்கே என்று அந்தக் கோட்டுக்குள் குறியுங்கள். அளவை லயத்தில் வாழ்ந்தவர்களே நடந்து காட்டட்டும். ஆறேழு பேர் கொண்ட குடும்பம் அதற்குள் வாழ்ந்தது என்றால், வந்தவர்கள் தாங்களே உள்ளே நின்று பார்த்துக்கொள்வார்கள். கொட்டகை போட்டுப் பொம்மை வைக்கும் செலவும் மிச்சம்.

ஹாலின் பெரிய சுவரில் தோட்டத்தின் படம் ஒன்று வேண்டும். நில அளவைப் படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை. பெரிய தாளை மேசையில் விரித்து, நாலு பெரியவர்களை ஒன்றாக உட்காரவையுங்கள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் எங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எங்கே, பால் ஸ்டோர், புகைக்கூடம், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், முனியாண்டி மரம், பள்ளிக்கூடம், இடுகாடு. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் 'அது வெள்ளத்துக்கு முந்தி' என்பார். அந்த வாக்குவாதத்தைப் பதிவு செய்யுங்கள், அது முழுக்க வரலாறு. ஆங்கிலத்தில் கம்பெனிப் பேர் ஒன்று இருக்கும், சனங்கள் வாயில் வேறு பேர் இருக்கும். படத்தில் இரண்டையும் எழுதுங்கள். இன்று அங்கே செம்பனையோ (எண்ணெய்ப்பனை) தாமானோ (வீடமைப்புப் பகுதி) இருக்கலாம். அதை மெல்லிய கோட்டில் மேலே வரைந்தால், எந்த வீட்டு வரிசை எந்த லயத்தின்மேல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி காகிதம். சாமானைவிடக் காகிதத்துக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில் ஒரு பக்கமாவது கிடைத்தால் அதற்கு ஓர் அறையின் நடுவிடத்தையே கொடுக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வேலைக்கு வந்த நாள், வராத நாள், அரைநாள், கடைசியில் சம்பளமும் பிடித்தமும். மழை பெய்த நாட்களில் மரம் வெட்ட முடியாது என்பதால், மழைக்காலப் பக்கத்தில் வெற்றுக் கட்டங்கள் கூடுதலாக இருக்கும். ஒரு குடும்பம் அந்த மாதம் எப்படி அடுப்பெரித்தது என்பதை அந்தக் காலியிடங்கள் காட்டிவிடும். 1930களில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்ற விகிதத்தில் நாள்கூலி இருந்தது. ஒரே நிரை, ஒரே உளி, ஒரே இருட்டு. செக்ரோலின் பக்கத்தில் இந்த விவரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கடியில் என்னென்ன இருக்கும் தெரியுமா? கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட், சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை), தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, பட்டணத்துச் சீனர் மளிகைக் கடையில் கடன் எழுதிய 555 புத்தகம். அந்த 555 புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரிசி எவ்வளவு, கருவாடு எவ்வளவு, எந்த மாதம் கணக்குத் தீர்ந்தது, எந்த மாதம் தீரவில்லை என்று தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் நடந்த உறவு அதில் கிடக்கிறது. கடைக்காரரின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருந்தால் அவர்களையும் பேசவையுங்கள். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களையும்தான். தோட்டப் பட்டணத்தின் வரலாறு தமிழர் வரலாறு மட்டுமே என்று எழுதினால் பாதி ஊர் வெளியே நின்றுவிடும்.

காகிதத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இருப்பார்கள், அது நியாயம்தான். ஸ்கேன் செய்துகொண்டு அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து எதையும் லேமினேட் செய்யாதீர்கள். நம்மவர்கள் பாசத்தில் செய்யும் பெரிய கெடுதல் அது. சூடும் பிளாஸ்டிக்கும் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் பழுப்பேறிக் கறை வைக்கும். படத்தின் பின்புறம் பென்சிலால் மட்டும் மெதுவாக எண் போடுங்கள். தாளும் துணியும் இருக்கும் இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நிறம் நிற்கும். பலகை வீடு என்பதால் கறையானை மாதாமாதம் தேடிப் பாருங்கள். ரப்பர் ஷீட் வைத்தால் தனியாக வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அது நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும், பக்கத்தில் இருக்கும் புடவையையும் போட்டோவையும் கெடுக்கும்.

உள்ளூர் வரலாறு என்று சொல்லும்போது, பெரிய வரலாற்றை எங்கே தொடவேண்டும் என்ற கேள்வி வரும். நீங்கள் இருக்கும் இடம் அதற்கு அள்ளிக் கொடுக்கிறது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்குப் போயின. அங்கே ஹியூ லோ பிரிட்டிஷ் ரெசிடென்டாக (சுல்தானுக்கு ஆலோசகரான அதிகாரியாக) இருந்தார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. சிங்கப்பூரில் ரிட்லி என்ற தாவரவியலாளர், மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். உங்கள் உளியின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இத்தனையும் ஒரே பலகைக்குள் அடங்கும், அடக்கிவிடுங்கள்.

கங்காணி விஷயத்துக்கு இடம் தாராளமாகக் கொடுங்கள். ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் 1910இல் முடிந்தது. அதற்குப் பின் பெரும்பாலும் கங்காணிகள்தான் சொந்த ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள். தன் கீழ் வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னை ஆவடியிலும் முகாம், பிறகு கப்பல், பினாங்குக்கு வந்தவர்களுக்குப் புலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு ஒதுக்கம். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்பலைத் தடுத்தது. உங்கள் ஊரில் எந்தெந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தார்கள் என்று ஒரு தமிழ்நாட்டுப் படம் போட்டு, குடும்பங்களே வந்து தங்கள் ஊரில் புள்ளி வைக்கும்படி செய்யலாம். 'ரஜுலா' கப்பலில் வந்த நினைவு இன்னும் பல வீடுகளில் இருக்கும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970கள் வரை ஓடியது, அதனால் அதில் வந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அடுத்து, மலாயாவை ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த ஜப்பான் காலம். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போகும் சயாம் மரண ரயில் பாதை 1942-43இல் போடப்பட்டது, நீளம் 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அதற்குக் கொண்டுபோகப்பட்டார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கல்லறையும் பேர்ப்பலகையும் இருக்கின்றன. நம் ஆட்களில் அநேகருக்கு இல்லை. உங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களின் பேர்களை ஒரு சுவரில் எழுதுங்கள். முழுப்பேர் தெரியாவிட்டால், 'இன்னாரின் அண்ணன்' என்றாவது எழுதுங்கள். வேறெதற்கும் நேரமோ பணமோ இல்லையென்றாலும் இதை மட்டும் விடாதீர்கள். நேதாஜியின் படையிலும் ஜான்சிராணிப் படையிலும் சேர்ந்தவர்கள் இருந்தால் அதே சுவரின் அடுத்த பக்கம் அவர்களுக்கு.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒன்று எல்பில் தோட்டத்தில். சில நாட்களில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கவென்று, மலாயா முழுக்க அவசரகாலம். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டபோது, வெளியே போகவும் வரவும் நேரம் வைத்தபோது, அரிசியை அளந்து கொடுத்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்பது புத்தகங்களில் அரிது. அப்போது ஏழெட்டு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. முதலில் அவர்களிடம் போங்கள்.

ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர், 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவர் படத்தைப் பெரிதாக மாட்டி மாலை போடுவதோடு நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு ஒரு கவலை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, சனங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அதற்கு மாற்று வழியாக 1960இல் சம்பந்தன் முன்னின்று தொடங்கியது நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். நூறு வெள்ளி (மலாயா டாலர்) பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மாதச் சம்பளத்தில் பத்து வெள்ளியை ஒதுக்க ஒரு பால்வெட்டுக்காரக் குடும்பம் எதை விட்டுக்கொடுத்தது? பங்குப் பத்திரத்தைத் தந்த வீட்டாரிடம் இதைக் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரத்தின் கீழே வைத்தால் சம்பந்தனுக்கும் அதுவே மரியாதை. அவர் 1954இல் தொடங்கிய மகாத்மா காந்தி கலாசாலைக்கும் ஓர் இடம் வேண்டும். அதற்குமுன் தோட்டப் பள்ளிகள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி நடத்தவேண்டும் என்று தோட்ட நிர்வாகத்துக்குச் சட்டம் இருந்தது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது.

கசப்பானவற்றை விடலாமா என்று சிலர் கேட்பார்கள். கமிட்டியில் கட்டாயம் கேட்பார்கள். கள்ளுக்கடை, சாதி பார்த்து லயம் பிரித்தது, கங்காணியின் அடாவடி, வீட்டில் அடிபட்ட பெண்கள், தோட்டம் விற்றபோது வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ். என் அபிப்பிராயத்தில் விடக்கூடாது. ஆனால் ஒருவரின் அவமானத்தைப் பேரோடு சுவரில் தொங்கவிடவும் கூடாது. கள்ளைப் பற்றி எழுதினால், கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே நடத்தவிட்டது யார், சம்பளம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதவேண்டும். குடித்தவனை மட்டும் காட்டினால் அது பாதிக் கதை. காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் கிடைத்தால், அன்று எத்தனை குடும்பம், இன்று அவர்கள் எங்கே என்று தேடிச் சேருங்கள். அதற்கு வீட்டுக்கு வீடு போகவேண்டியிருக்கும். போங்கள், அந்தக் குடும்பங்களே பிறகு உங்கள் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

பெரியவர்களைப் பேசவைக்கும் முறை பற்றிக் கொஞ்சம். 'உங்க வரலாற்றைச் சொல்லுங்க பாட்டி' என்றால், 'என்னய்யா இருக்கு சொல்ல, கஷ்டப்பட்டோம்' என்று முடித்துவிடுவார்கள். கையில் ஒரு மங்கைக் கொடுங்கள். விடிகாலை எழுந்ததும் முதலில் என்ன செய்வீங்க, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் யாரிடம் விடுவீங்க, மங்கில் உறைந்த கட்டிப்பாலை எதில் போடுவீங்க, பாலை நிறுக்கிற இடத்தில் கிராணி எப்படிப் பேசுவார் என்று கேளுங்கள். கை தானாக வெட்டுகிற மாதிரி அசையும், பேச்சும் வரும். குறுக்கே பேசாதீர்கள், அவர்கள் தமிழைத் திருத்தாதீர்கள். கித்தா (ரப்பர்), மங்கு, பிரட்டு, தண்டல், நிரை எல்லாம் அப்படியே எழுத்தில் ஏறட்டும். ஒலிப்பதிவை வீட்டாரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, உங்களிடம் இரண்டு இடங்களில் வையுங்கள்.

அட்டைகளில் தமிழ் முதலில், மலாய் அடுத்து, இங்கிலீஷ் இடமிருந்தால். மலாய் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தேசியப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளே பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். மற்ற இனத்து மாணவர்களும் பஸ் பிடித்து வருவார்கள். ஓர் அட்டையில் ஆறேழு வரிக்கு மேல் போடாதீர்கள். எழுத்து, கண்ணாடி போட்ட பெரியவர் நின்றபடி படிக்கும் அளவு இருக்கட்டும்.

கடைசியாக, அலுப்பான வேலை ஒன்று. வீடும் நிலமும் யார் பேரில் என்பதை எழுத்தில் உறுதி செய்யாமல் ஆணிகூட அடிக்காதீர்கள். வாய்ப்பேச்சை நம்பித் தோட்டத்தில் கோயில் கட்டி, பிறகு அலைந்த கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தில் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய வழி இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். ஒரு தடித்த பதிவேடு வாங்கி, வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண், கொடுத்தவர், தேதி, தானமா இரவலா, இரவல் என்றால் எதுவரை என்று எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே வந்த அந்தச் சாக்கு மங்கிலிருந்து ஆரம்பிக்கலாம். யார் கொண்டுவந்து வைத்தார் என்று இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.